ஃபோர்மேன் கட்டிய கயிறு

ஆனி மாதம் இருபத்திரண்டாம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். வானம் மூடியிருந்தது. பெய்வதும் நிற்பதுமாக ஒரு சாரல். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று அன்று காலையிலிருந்தே ஓயவில்லை. போத்தனூரில் எங்கள் வீதியில் இருக்கும் மூன்று வேப்பமரங்களும் கிழக்குப் பக்கம் சாய்ந்தவை நிமிராமலே நின்றன. நான் மணி பார்த்து நாற்றுக்குத் தண்ணீர் தெளிப்பவன். மூன்று மணித் தெளிப்பை முடித்து, குழித்தட்டில் முளைத்திருந்த குடைமிளகாய் நாற்றுகளை எண்ணி, தொண்ணூற்றெட்டுக் குழியில் தொண்ணூற்றொன்று என்று நோட்டில் எழுதியபோதுதான் என் தலைக்கு மேலிருந்த பிளாஸ்டிக் கூரை ஒரு பெருமூச்சு இழுத்தது போல உப்பியது. அந்த நிமிடத்துக்கு முன்புவரை எனக்குப் பக்கத்து வீட்டில் ஒரு நண்பர் இருந்தார்.

அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நாங்கள் இருவரும் ஒரே நூற்பாலையில் வேலை பார்த்தவர்கள். அவர் பராமரிப்புப் பிரிவில் ஃபோர்மேன். நான் பரிசோதனைக் கூடத்தில் நூலின் பருமனையும் பலத்தையும் அளந்து எழுதுகிறவன். ஓய்வுக்குப் பல வருடம் முன்பே பக்கத்துப் பக்கத்து மனைகளை வாங்கி வீடு கட்டினோம். அவருடையது மேற்கே, என்னுடையது கிழக்கே, நடுவில் நான்கடிச் சந்து. எங்கள் வீட்டுக்கு வரும் காற்று அவர் மாடியைத் தாண்டித்தான் வரவேண்டும். இருபத்தெட்டு வருடம் அப்படி இருந்தோம். அவர் என்னை 'சார்' என்பார், நான் அவரை 'ஃபோர்மேன்' என்பேன். என் மனைவி அவரை 'அண்ணா' என்று கூப்பிடுவாள், அவர் அவளை 'அம்மணி' என்பார். அவருடைய மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள், ஈரோட்டில் கட்டிக்கொடுத்திருந்தார். ஞாயிறு காலை மாதா கோயிலில் ஆறு மணிப் பூசைக்குப் போய்வந்து, எங்கள் வாசலில் நின்று ஒரு டம்ளர் காப்பி குடிப்பார். உட்காரமாட்டார்.

எங்களுக்குள் ஒரு பழைய பிணக்கு உண்டு. அவருக்கு அது பிணக்காகத் தோன்றியிருக்காது, எனக்குத்தான். ஆலையில் ஒருமுறை நூல் அடிக்கடி அறுந்துகொண்டிருந்தது. நாற்பது கண்டு நூலைச் சோதித்துப் பார்த்துவிட்டு, பஞ்சுக் கலவையில்தான் குறை என்று நான் அறிக்கை கொடுத்தேன். அவர் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். கோயிலில் கை வைப்பது போல இரண்டு நிமிடம் வைத்திருந்தார். "சார் சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும். இருந்தாலும் இந்தப் பேரிங்கை ஒருக்காக் கழட்டிப் பாத்துப்போடலாமுங்களா?" என்றார். கழற்றினார்கள். பேரிங்தான். மேனேஜர் முன்னால் அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. "சார் சொன்னதும் ஒரு காரணந்தானுங்க" என்று எனக்காக ஒரு பொய் சொன்னார். அந்தப் பொய்க்கு நான் நன்றி சொல்லவில்லை. என்னைத் தாழ்த்தியவரை மன்னித்திருப்பேன். காப்பாற்றியவரை மன்னிக்க எனக்குத் தெரியவில்லை.

அந்த மடக்குப் பசுமைக்குடிலை நான் ஆன்லைனில் வரவழைத்தேன். ஆறடிக்கு ஆறடி, உயரம் ஆறரை அடி. முப்பத்திரண்டு குழாய்கள், இருபது இணைப்புகள், ஒரு பிளாஸ்டிக் உறை, அதில் ஜிப் வைத்த ஒரு கதவு. குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று சொருகி நிற்பவை, திருகு கிடையாது. காற்றுக்குப் பிடிமானமாக எட்டு இரும்பு முளைகள் கொடுத்திருந்தார்கள். அவை மண்ணில் அடிப்பதற்கானவை. மொட்டை மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? நான் கணக்குப் போட்டேன். கூடு மொத்தமே பதினோரு கிலோ. சுற்றிலும் கீழ்க்குழாயின் மேல் பதினாறு மணல் மூட்டை, மூட்டைக்கு இருபது கிலோ, ஆக முந்நூற்றிருபது கிலோ. பதினோரு கிலோவைத் தூக்க வரும் காற்று முந்நூற்றிருபது கிலோவை என்ன செய்யும் என்று நினைத்தேன்.

ஃபோர்மேன் வந்து பார்த்தார். கூட்டை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். ஒரு குழாயை விரலால் சுண்டினார்.

"ஏனுங்க சார், ஆட்டுக்குட்டியக் கவுக்கற மூங்கக் கொடாப்பாட்டவே இருக்குதுங்களே?" என்றார். என் மனைவி சிரித்தாள்.

"நாத்து வளர்க்கறதுக்குங்க" என்றேன்.

"நல்லா இருக்குதுங்க. மூட்டையெல்லாம் அருமையா அடுக்கியிருக்கறீங்க." சற்று நேரம் மேற்கே பார்த்தார். "கீழ புடிச்சிருக்கறீங்க. காத்து மேலதானுங்களே தூக்கும்? நாலு மூலைக்கும் ஓட்டை போட்டு நாலு போல்ட் அடிச்சுப்போடறனுங்க. அரை மணி நேர வேலைங்க."

மாடியில் ஓட்டை போட நான் சம்மதிக்கவில்லை. இரண்டு மழைக்காலம் ஒழுகிய தளம் அது. ஒழுகலை அடைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்படியானால் கூரைக்கு மேலே ஒரு கயிறு போட்டு, ஒரு முனையைத் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் தூணில் கட்டிவிடலாம் என்றார். "எங்க தூணு எங்கீங்க போகுது?" என்றார். "பார்க்கலாமுங்க" என்றேன். எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. 'பார்க்கலாமுங்க' என்றால் வேண்டாம் என்றுதான் அர்த்தம். அது அவருக்கும் தெரியும். "சரீங்க சார்" என்று இறங்கிப்போனார்.

அதன்பின் ஐந்தாம் நாள் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் அது நடந்தது. பழைய ஆலைக்காரர்கள் ஆறு பேர் இருந்தார்கள். காற்றைப் பற்றிப் பேச்சு வந்தது. "சாரோட கொடாப்பு கெளம்புச்சுன்னா பல்லடத்துலதான் போயிப் புடிக்கோணும்" என்றார் ஃபோர்மேன். ஆறு பேரும் சிரித்தார்கள். "அங்க காத்தாலை போட்டிருக்கறாங்க, அதுல மாட்டிக்கும், கவலைப்படாதீங்க" என்றார் இன்னொருவர். அதற்கும் ஆறு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து என்னிடம் இருந்த நான்கு காலி மூட்டைகளையும் நிரப்ப மணல் கிடைக்குமா என்று விசாரித்தேன். கிடைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை நான் நடந்துவிட்டுத் திரும்பி மாடிக்கு ஏறியபோது கூட்டின் மேலே ஒரு நீல நைலான் கயிறு கிடந்தது. இரண்டு சுற்று. மேற்குமுனை சந்தைத் தாண்டி அவருடைய தொட்டித் தூணுக்குப் போனது. கிழக்குமுனை கூரையைத் தழுவி இறங்கி, எங்கள் மாடிக் கைப்பிடியின் இரும்புக் கம்பியில் முடிந்திருந்தது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி, உறை கிழியாமல் இருக்கக் கயிற்றுக்கு அடியில் மெத்தை போலக் கொடுத்திருந்தார். முடிச்சைப் பார்த்தேன். ஆலையில் இயந்திரங்களை மேலே ஏற்றும்போது அவர் போடும் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். மூன்று டன் எடையை அது தாங்கியதை நானே நின்று பார்த்திருக்கிறேன். மறுபடி கேட்டால் என்னை மறுபடி மறுக்கவைத்த சங்கடம் வரும் என்று, நான் இல்லாத நேரம் பார்த்து வந்து கட்டிப் போயிருக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் எனக்கு அந்த ஆறு பேரின் சிரிப்புத்தான் காதில் கேட்டது. வீதியில் போகிற எவனும் அண்ணாந்து பார்த்தால் என் முந்நூற்றிருபது கிலோவை நம்பாமல் ஃபோர்மேன் ஒரு கயிறு போட்டிருக்கிறார் என்பது தெரியும்.

அவிழ்த்தேன். அதற்கே எனக்குப் பன்னிரண்டு நிமிடம் பிடித்தது. தூண் பக்கத்து முனையைச் சந்தின் குறுக்கே கை நீட்டி, குடைக்கம்பியால் தளர்த்தி எடுத்தேன். அவரிடம் போய், கயிறு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சண்டை போலத் தெரியும் என்று, சொல்லாமல் இருப்பதையே மரியாதை என்று வைத்துக்கொண்டேன். கயிற்றை எட்டு வட்டமாகச் சுருட்டி, படிக்கட்டு முடிகிற இடத்தில் இருந்த கொக்கியில் மாட்டினேன். ஆலையில் கற்ற பழக்கம். எதையும் சுருட்டாமல் போடமாட்டேன். துணி காயப்போட வந்த என் மனைவி, "அண்ணன் கட்டுன கயிறு எங்கீங்க?" என்று கேட்டாள். "அது தேவையில்லை" என்றேன். அவள் கொக்கியைப் பார்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மூன்று மணி பத்துக்கு நான் கதவின் ஜிப்பைத் திறந்துவைத்தபடி உள்ளே நின்றிருந்தேன். காற்று அந்த வழியாக உள்ளே புகுந்தது. பதினாறு மூட்டைகளும் ஒரு இம்மி நகரவில்லை. அவை பிடித்திருந்த கீழ்க்குழாய்களும் நகரவில்லை. அவற்றில் சொருகியிருந்த மேல்கூடு மட்டும் முழுதாகக் கழன்று, உறையோடு எழும்பியது. நான் இரண்டு கையாலும் ஒரு குழாயைப் பிடித்துத் தொங்கினேன். கத்தினேன் என்று மனைவி சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. எங்கள் மாடிக்குப் பத்தொன்பது படி. எழுபத்தாறு வயதில் ஃபோர்மேன் அந்தப் பத்தொன்பதையும் எப்படி ஏறினார் என்று தெரியவில்லை. படி முடிகிற இடத்தில் வந்து நின்றார். அவர் கண் முதலில் தன் தொட்டித் தூணுக்குப் போனது. பிறகு பக்கத்திலிருந்த கொக்கிக்கு வந்தது. எட்டு வட்டமாகச் சுருட்டிய கயிற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

"உடாதீங்க சார், வாரேன்" என்றார்.

வந்து மறுமூலையைப் பிடித்தார். அடுத்த வீச்சில் கூடு கதவு போலச் சுழன்றது. நான் பிடியை விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. அது அவரைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. பதினோரு படி உருண்டார்.

இடது இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாள் ஈரோட்டிலிருந்து வந்த மகள் கட்டிலருகே நின்றிருந்தாள். நான் ஆரஞ்சுச்சாறு பாட்டிலோடு உள்ளே போனேன். அவள் ஏதோ கோபமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்று அறை இருந்த நிலையிலேயே தெரிந்தது. அவர் என்னைப் பார்த்ததும் சொன்னார்:

"சார் மேல ஒண்ணுமில்ல கண்ணு. நாந்தான் அதிகப்பிரசங்கித்தனமாக் கவுறு போட்டேன். முடிச்சு நழுவிப்போச்சு. வயசாயிருச்சல்ல, கைக்கு இறுக்கமில்ல. சாரோட பொருளும் போச்சு."

மேனேஜர் முன்னால் சொன்ன அதே வகைப் பொய். முதல் தடவை அதற்கு ஒரு பேரிங்தான் விலை. இந்தத் தடவை அவர் கொடுத்தது தன் கைக்கு இருந்த பெயரை. முப்பத்துநான்கு வருடம் அவர் கட்டிய எந்த முடிச்சும் நழுவியதில்லை. அதைத்தான் அவர் சொத்தாக வைத்திருந்தார். நான் வாயைத் திறந்தேன். மகள் என் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்குங்க மாமா" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பதினேழாம் நாள் அவரை ஈரோட்டுக்குக் கூட்டிப்போனார்கள். போகுமுன் மகள் எங்கள் வீட்டுக்கு ஒரு கவரோடு வந்தாள். "அப்பாவாலதான் உங்க குடில் போச்சுங்க மாமா. வாங்கிக்கோணுமுங்க. இல்லீன்னா அப்பா தூங்கமாட்டாருங்க" என்றாள். வேண்டாம் கண்ணு என்றேன். எங்கள் பக்கத்தில் மூன்று தடவை மறுப்பது வழக்கம். மறுக்காமல் வாங்கினால் அற்பத்தனம். மூன்றுக்கு மேலும் மறுத்தால் கொடுப்பவரை அவமதிப்பதாகும். நான் மூன்று தடவை மறுத்தேன். நான்காம் தடவை வாங்கிக்கொண்டேன். அவள் போனபின் என் மனைவி சமையலறையிலிருந்து வெளியே வராமலே சொன்னாள்: "எண்ணிப் பாத்துக்குங்க."

எண்ணினேன். பதினெட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள்.

டீக்கடையில் அந்த ஆறு பேரும் இப்போது வேறு விதமாகப் பேசினார்கள். ஃபோர்மேன் முடிச்சே நழுவிருச்சாமா என்றார்கள். எல்லாம் வயசுதானுங்க என்றார்கள். ஒருவர், ஆலையில் ஒரு சங்கிலி அறுந்த பழைய கதையை எடுத்து, அதுவும் அவர் கட்டியதாகத்தான் இருக்கும் என்று சேர்த்துக்கொண்டார். அது அவர் கட்டியதல்ல, எனக்குத் தெரியும். நான் டீயைக் குடித்தேன். அவருக்கு நான் போன் செய்தது அந்த வருடத்தில் பதினான்கு தடவை. பதினான்கு தடவையும் இடுப்பு வலியைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசி வைத்தேன். பதினைந்தாவது தடவை மகள் எடுத்தாள். அப்பாவுக்கு ஞாபகம் முன்னே பின்னே ஆகிறது என்றாள். "எந்நேரமும் அந்தக் கவுத்து நெனப்புத்தானுங்க மாமா" என்றாள். அன்று நான் சாப்பிடவில்லை.

மாசியில் ஈரோட்டுக்குப் போனேன். பதினெட்டு நோட்டுகளும் அதே கவரில் சட்டைப்பையில் இருந்தன. வாசல் பக்க அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முன்னால் வாக்கர். அதன் கால்களிலும் கட்டில் காலிலும் ஜன்னல் கம்பியிலும் துணி காயப்போடும் கயிற்றை வெட்டி முடிச்சுகள் போட்டிருந்தார். என் கண் தானாக எண்ணியது. இருபத்துமூன்று. என்னை அடையாளம் தெரிந்தது. "வாங்க சார், காப்பி சாப்புடறீங்களா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு முடிச்சை நீட்டினார்.

"நீங்க ஒருக்கா இழுத்துப் பாருங்க சார். நீங்க டெஸ்டிங்காரரு. நழுவுதுங்களா?"

இழுத்தேன். இன்னும் இறுகியது.

"எல்லாத்தையும் இழுத்துப் பாத்துப்போட்டனுங்க. ஒண்ணும் நழுவறதில்ல. அன்னிக்கு மட்டும் எப்புடிங்க நழுவுச்சு?"

கொக்கியில் பார்த்ததை அவர் மறந்திருந்தார். மகளுக்காகச் சொன்ன பொய் மட்டும் அவரிடம் உண்மையாகத் தங்கிவிட்டது. அவர் பரிசோதனைக்குக் கொடுத்த கடைசிச் சாம்பிள் அது. அறிக்கையை நான் சரியாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

"அன்னிக்கும் நழுவலீங்க ஃபோர்மேன்" என்றேன். "நாந்தான் அவுத்தேன். காலைலயே அவுத்துச் சுருட்டி மாட்டிட்டேன். உங்க முடிச்சு நழுவவே இல்லீங்க."

என்னைப் பார்த்தார். பிறகு முகம் முழுக்கச் சிரித்தார். 

"பாத்தியா கண்ணு" என்றார் மகளிடம். "எம் மனசு நோகக்கூடாதுன்னு சார் பழியத் தூக்கித் தன் தலைல போட்டுக்கறாரு. அந்தக் காலத்துலயே அப்படித்தான். தங்கமான மனுசன்."

"உங்க மனசு யாருக்குங்க மாமா வரும்" என்றாள் அவள், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி.

"இல்ல கண்ணு. நெசமாத்தான் சொல்றேன். அத்தையக் கேட்டுப் பாரு."

"சரீங்க மாமா. காப்பி ஆறுதுங்க."

கவரை எடுத்து நீட்டினேன். அவள் பதறி என் சட்டைப்பையிலேயே திணித்தாள். மூன்று தடவை நீட்டினேன். மூன்று தடவையும் தள்ளினாள். நான்காம் தடவை நீட்டினால் அவளை அவமதித்ததாகும். இந்த ஊரில் ஒருவன் தன் தப்பைச் சொன்னால் அதையும் மரியாதையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். நான் வாழ்நாள் முழுவதும் பேசியதும் அந்த மொழிதான், அதனால் அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வழியில்லை. நான் கும்பிட்டுவிட்டு எழுந்தபோது அவர் இருபத்துநாலாவது முடிச்சைப் போட ஆரம்பித்திருந்தார்.

அதிலிருந்து நாற்பத்தோராம் நாள் அவர் இறந்தார். பழைய ஆலைக்காரர்கள் ஒரு வேன் பிடித்துப் போனோம். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும்போது, கயிறு பிடித்தவர்களைப் பார்த்து ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "இவரு இருந்திருந்தா இந்தக் கவுத்தையும் சரி பண்ணியிருப்பாரு. கடைசில ஒண்ணே ஒண்ணுதான் நழுவுச்சு, பாவம்." "அது நழுவலீங்க" என்றேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். என் மனைவி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவருடைய வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் தண்ணீர்த் தொட்டியையும் தூணையும் இடித்துவிட்டு மேலே இரண்டு மாடி எழுப்பியிருக்கிறார்கள். மேற்குப் பக்கம் முழுக்க இப்போது சுவர். இந்த ஆனியில் எங்கள் மாடிக்குக் காற்றே வரவில்லை. ஒரு செய்தித்தாளை விரித்துப் போட்டால் சாயங்காலம் வரை அங்கேயே கிடக்கிறது. இனி ஒரு குடில் போட்டால் அதற்குக் கயிறும் தேவைப்படாது, மூட்டையும் தேவைப்படாது.

எதையும் எழுதி வைப்பவன் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். குடில் ஏழாயிரத்து அறுநூற்றைம்பது. மணலும் ஏற்றுகூலியும் ஆயிரத்து இருநூறு. மூட்டைக்கான சாக்கு பதினாறும் சேர்ந்து நூற்றறுபது. ஈரோடு போய்வந்த ரயில் டிக்கெட் எண்பது. அடக்கத்துக்குப் போன வேனுக்கு என்னிடம் யாரும் காசு வாங்கவில்லை. கூட்டினால் ஒன்பதாயிரத்துத் தொண்ணூறு. அதில் அவர் மகள் கொடுத்தது ஒன்பதாயிரம்.

ஆக, எனக்கு ஆன செலவு தொண்ணூறு ரூபாய்.